குட்டி ரக்ரரின் புல்லு வெட்டும் டெக் இறுகிவிட்டது, கியர் பொக்ஸ் போனது என்கிறார்கள்

கிரவுண்ட்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். உரும்பிராய்ப் பக்கம் எங்கள் கழக மைதானத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் பழைய வீரர்கள் சேர்ந்து ஒரு யப்பான் குட்டி ரக்ரர் அனுப்பியிருந்தார்கள். 23 குதிரைவலு, நாலு சில்லும் இழுக்கும், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் வயிற்றுக்குக் கீழே 60 அங்குல மோவர் டெக், அதற்குள் மூன்று பிளேட். இவ்வளவு காலமும் நல்லாகத்தான் வெட்டியது. இந்த முறை மழை முடிந்து புல்லு முழங்காலுக்கு வந்துவிட்டது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் எங்கள் மைதானத்தில்தான், தடம் கீறுவதற்கு முன் வெட்டிக் கொடுக்க வேண்டும், இந்த நேரம் பார்த்து டெக் இறுகிவிட்டது.

எஞ்சின் வலுவை டெக்குக்குக் கொடுக்கும் பி.ரி.ஓ.வைப் போட்டால் எஞ்சின் முக்குகிறது, பெல்ட் கீச்சென்று கத்துகிறது, றப்பர் கருகின மணம் வருகிறது, உடனே எஞ்சின் நிற்கிறது. பி.ரி.ஓ. போடாமல் ஓடினால் ஒரு குறையும் இல்லை. டெக்கும் வடிவாக ஏறி இறங்குகிறது. ஒரு கராஜில் காட்டினோம், பார்த்தவர் குனிந்துகூடப் பார்க்காமல் டெக்குக்கு மேலே இருக்கிற கியர் பொக்ஸ் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும், இங்கே கிடைக்காது என்றார். அவர் சொன்ன காசுக்குப் பழைய லான்ட்மாஸ்டர் இரண்டு சில்லு உழவு மிசின் ஒன்றே வாங்கலாம். கழகத்திடம் அவ்வளவு இல்லை. யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கோ.

கிறீஸ்கை:
தம்பி, கியர் பொக்ஸை ஒரு பக்கம் வையுங்கோ. கியர் பொக்ஸ் சாகிறதென்றால் முதலே சத்தம் போட்டு, ஒயில் கக்கி, ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் சாகும். நேற்றுவரை வெட்டினது இன்றைக்குக் கல்லாக நிற்கிறதென்றால் வேறு எங்கேயோ ஏதோ பிடித்திருக்கிறது. நான் நெல்லு மில்லில் பிற்றராக இருந்தவன், மோவரில் பெரிய ஆளில்லை, ஆனால் ஒரு சாப்ட், இரண்டு பெயாரிங், ஒரு புல்லி என்று வந்துவிட்டால் எனக்கு எல்லா மிசினும் ஒன்றுதான்.

ஒன்று கேட்கிறேன், நிற்பதற்கு முன் கடைசியாக வெட்டும்போது சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? வெட்டின புல்லில் எந்தப் பக்கம் பிசகாக, வெட்டுப்படாமல் கோடு விழுந்தது? அதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

லான்ட்மாஸ்டர்_75:
இதுக்கெல்லாம் இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். எஞ்சினை நல்லாக ஏற்றிவைத்துப் பி.ரி.ஓ.வை டக்கென்று போடுங்கோ, இறுகினது தானாக விடும். மண் கிளறுகிற றொட்டவேற்றரில் வேர் சிக்கினால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். இறங்கிப் பார்க்கிற நேரம் எஞ்சின் நின்று தொல்லை தருகிறதென்றால் சீற்றுக்குக் கீழே ஒரு சுவிச் வயர் வரும், இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கிவிட்டால் சரி.

கனடாக்குளிர்:
மேலே சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீங்கோ. அந்தச் சீற் சுவிச் சும்மா அலங்காரத்துக்கு வைத்ததில்லை. பி.ரி.ஓ. ஓடிக்கொண்டிருக்க ஆள் எழும்பினால் எஞ்சின் நிற்க வேண்டும், அதுக்குத்தான் அது. மோவர் பிளேட்டின் நுனி மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் போகிற சாமான். றொட்டவேற்றர் கத்தி மெதுவாகச் சுற்றி மண்ணுக்குள் போகிறது, அதையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. வயரை முறுக்கிவிட்டுக் குனிந்து பார்க்கிற நேரம் இறுகினது "தானாக விட்டால்" விரல் அல்ல, கையே மிஞ்சாது.

நான் ஸ்காபரோவில் இதே வகை மிசின் வைத்துப் பல வருசம் புல்லு வெட்டினவன். வலு எப்படிப் போகிறதென்று தெரிந்தால் தேடுவது சுகம். பின்னுக்கு இருக்கும் பி.ரி.ஓ. நிமிசத்துக்கு 540 சுற்று, நடுவில் இருப்பது அதைவிட நல்ல வேகம், சுமார் 2,500. அந்த நடு பி.ரி.ஓ.விலிருந்து ஒரு சின்னச் சாப்ட் டெக்குக்கு மேலே இருக்கும் கியர் பொக்ஸுக்கு வருகிறது, கியர் பொக்ஸ் படுக்கையாக வந்த சுற்றை நிமிர்த்தி ஒரு புல்லிக்குக் கொடுக்கிறது, அந்தப் புல்லியிலிருந்து ஒரே பெல்ட் பிளேட்டுகளைச் சுற்றுகிற மூன்று ஸ்பிண்டிலையும் சுற்றிக்கொண்டு ஓடுகிறது, இடையில் ஸ்பிரிங் போட்ட ஒரு ஐட்லர் புல்லி பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மூன்றில் ஒன்று பிடித்தாலே பெல்ட் நிற்கும், பெல்ட் நின்றால் கியர் பொக்ஸும் நிற்கும். வெளியே இருந்து பார்க்கிறவருக்குக் கியர் பொக்ஸ் போனதாகத்தான் தெரியும். உங்கள் கராஜ்காரரைக் குறை சொல்லவில்லை, ஆனால் பெல்ட்டைக் கழற்றாமல் அதைச் சொல்ல முடியாது.

கிரவுண்ட்காரன்:
நன்றி அண்ணைமார். சத்தம் இடப்பக்கம்தான் வந்தது, கடைசி நாட்களில் கீங் என்று ஒரு மெல்லிய சத்தம், பெல்ட் சத்தம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இடப்பக்கம் புல்லும் ஒரு சாண் அகலத்துக்குச் சப்பினதாக நின்றது. பெல்ட்டை எப்படிக் கழற்றுவது, டெக்கை வெளியே எடுக்க வேண்டுமா?

கிறீஸ்கை:
வெளியே எடுத்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். முதலில் சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுங்கோ, பற்றரியின் நெகற்றிவ் வயரையும் கழற்றிவிடுங்கோ, சின்னப் பெடியள் சுற்றிவர நிற்கிற இடம் அது. டெக்கை நிலத்துக்கு இறக்கிவைத்துவிட்டு, பி.ரி.ஓ. சாப்டின் கழுத்தில் இருக்கும் வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் சாப்ட் கழன்று வரும், பிறகு தூக்கும் கைகளின் ஊசிகளைக் கழற்றினால் நாலு பேர் பக்கவாட்டில் இழுத்து எடுக்கலாம். எடுக்க வழியில்லை, தூக்கிவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஹைட்றோலிக்கை நம்பிக் கீழே படுக்க வேண்டாம். நல்ல பனங்குற்றி இரண்டு வைத்து அதில் பாரத்தை இறக்கிவிட்டுப் போங்கோ.

பெல்ட்டைக் கழற்ற முதல் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைக்கவும். எந்தப் புல்லிக்கு உள்ளால் போகிறது, எதற்கு வெளியால் போகிறது என்பது பிறகு யாருக்கும் ஞாபகம் வராது. கழற்றின பிறகு ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் மேலே இருக்கிற புல்லியைப் பிடித்துக் கையால் சுற்றுங்கோ, பிளேட்டைப் பிடித்துச் சுற்ற வேண்டாம். கியர் பொக்ஸின் உள்ளே வரும் சாப்டையும் தனியாகச் சுற்றிப் பாருங்கோ. நாலில் எது சுற்றவில்லையோ அதுதான் ஆள்.

செம்மண்:
நான் கல்லென்று பந்தயம் கட்டுகிறேன். எங்கட நிலத்தில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மழைக்குப் பிறகு மண் கரைந்து கல் தலைகாட்டும், அதில் ஒரு சில்லு உடைந்து பிளேட்டுக்கும் டெக் சுவருக்கும் இடையில் ஆப்பாக இறங்கினால் எந்த மிசினும் நிற்கும். கோப்பாயில் எங்கள் தோட்டத்துக்கு வந்த றொட்டவேற்றர் பட்ட பாட்டைக் கண்டவன் நான். கல்லில்லாவிட்டால் பனங்கொட்டை. மைதானத்துக் கரையில் பனை நிற்கிறதுதானே?

கிரவுண்ட்காரன்:
பனை ஒரு வரிசையே நிற்கிறது. ஆனால் பனங்கொட்டை இல்லை, கல்லுமில்லை.

இன்றைக்கு எடுத்துப் பார்த்தோம். கியர் பொக்ஸ் வெண்ணெயாகச் சுற்றுகிறது. வலது ஸ்பிண்டிலும் நடுவில் இருப்பதும் சுகமாகச் சுற்றுகின்றன, நடுவில் கொஞ்சம் கரகரப்பு. இடது ஸ்பிண்டில் அசையவே இல்லை, இரண்டு பேர் புல்லியைப் பிடித்து முறுக்கியும் ஒரு நூல் அரக்கவில்லை. ஆக கியர் பொக்ஸ் தப்பியது. கராஜ்காரரிடம் சொன்னோம், அப்படியென்றால் ஸ்பிண்டில் முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார்.

இப்போது பிரச்சினை, இடது பிளேட்டின் நட்டைக் கழற்ற முடியவில்லை. ஸ்பானரைப் போட்டால் எல்லாம் சேர்ந்து வழுக்குகிறது. உளி வைத்து அடிக்கலாம் என்கிறான் ஒருவன்.

கிறீஸ்கை:
உளி வேண்டாம், உளி வைத்தால் நட்டின் மூலை போய்விடும், பிறகு வெல்டிங் வைத்துத்தான் எடுக்க வேண்டி வரும், அந்தச் சூடு பெயாரிங்கையும் அதை மூடுகிற றப்பர் சீலையும் சேர்த்துச் சுட்டுவிடும். பிளேட்டுக்கும் டெக் சுவருக்கும் இடையில் ஒரு வைரமான மரக்கட்டையைக் கொடுத்துப் பிளேட்டைப் பிடித்து நிறுத்துங்கோ. தோல் கையுறை போடுங்கோ, கிடைக்காவிட்டால் சாக்குத் துண்டு ஒன்றை பிளேட்டில் சுற்றுங்கோ. நட்டைச் சுற்றிக் கம்பித் தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு டபிள்யூ.டி.40 அடித்து ஒரு இரவு ஊற விடுங்கோ. அது இல்லாவிட்டால் டீசலே போதும், அவசரப்படாமல் விட்டால். பிறகு ஆறு முகமுள்ள சொக்கற்றும் நீளப் பைப்பும். ஸ்பானரை விட சொக்கற்தான் நல்லது.

எந்தப் பக்கம் சுற்றுவது என்பதையும் முதலில் பாருங்கோ. பெரும்பாலும் சாதாரணப் புரிதான், ஆனால் சில மிசின்களில் இடப்புரியும் போடுகிறார்கள். சுகமாகக் கழலும் வலப்பக்க நட்டை முதலில் கழற்றினால் தெரிந்துவிடும்.

கனடாக்குளிர்:
அதோடு கழற்றும்போது வாசர் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்ததென்று குறித்து வையுங்கோ. கிண்ணமாக வளைந்த வாசர் ஒன்று இருக்கும், அதைத் தலைகீழாகப் போட்டால் பிளேட் இறுகாது. பிளேட்டிலும் மேல் கீழ் உண்டு, வளைந்து நிற்கும் செட்டை டெக் பக்கம் பார்க்க வேண்டும், அதுதான் காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்துகிறது. இங்கேயும் வருசத்துக்கு ஒருத்தர் தலைகீழாகப் போட்டுவிட்டுப் பிளேட் மொட்டை என்று அழுதுகொண்டு வருவார்.

கிரவுண்ட்காரன்:
கழன்றது! சாதாரணப் புரிதான், டீசலில் ஊற விட்டதும் வேலை செய்தது.

இப்போது கேளுங்கோ. பிளேட்டை எடுத்தால் அதற்கு மேலே, சாப்டைச் சுற்றி, பெயாரிங்குகள் உட்காருகிற உறையின், அதாவது ஸ்பிண்டில் வீட்டின், வாய்வரைக்கும் நைலோன் நூல். பட்ட நூல். முதலில் எங்களுக்கு நூலென்றே தெரியவில்லை, உருகி இறுகிப் பனங்கட்டி மாதிரி ஒரு பழுப்புக் கட்டியாக நின்றது, கத்தி வைத்துச் செதுக்கச் செதுக்க உள்ளே பச்சை நிறத்தில் ஒரு அடுக்கு, அதற்கு உள்ளே சிவப்பு, கடைசியாகச் சாப்டை ஒட்டி வெள்ளைத் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை). எத்தனையோ முறை சிக்கி அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது. உள் அடுக்கு சீலின் றப்பர் உதட்டை நெம்பி உள்ளே போய்விட்டது. சீலை எடுத்ததும் பெயாரிங்கிலிருந்து செம்மண்ணும் துருவும் சேர்ந்த பொடி கொட்டியது, கிறீஸ் என்று ஒரு சொட்டும் இல்லை. இரண்டு குண்டு அப்பளமாகச் சப்பியிருந்தது.

செம்மண்:
சரி, பந்தயத்தில் தோற்றேன். ஆனால் பாருங்கோ, மார்கழி பிறந்தால் எங்கட வானம் முழுக்கப் பட்டம். வல்வெட்டித்துறையில் பொங்கலுக்கு நடக்கிற பட்டத் திருவிழாவுக்கு ஊர் முழுக்க இப்பவே பழகுகிறது, இரவில் பட்டத்தில் கட்டின விண் (காற்றில் ஒலிக்கும் நார்) கூவக் கூவப் பட்டத்தைக் கட்டிவிட்டுப் படுக்கிறவர்களும் உண்டு, காற்று அடித்து அறுந்தால் அந்த நூல் எங்கே விழும்? வெட்டவெளியில், மைதானத்தில், வயலில். பருத்தி நூல் என்றால் மழையில் உக்கிப் போகும். நைலோன் அப்படியே கிடக்கும். பெடியளிடம் விடாதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, யாழ்ப்பாணத்தில் பட்டம் விடாமல் என்ன மார்கழி?

கனடாக்குளிர்:
இங்கே எங்களுக்குத் தூண்டில் நூலும் நாய்க்கயிறும், உங்களுக்குப் பட்ட நூல். வேலை ஒன்றுதான். சுற்றுகிற சாப்டில் மெல்லிய நூல் ஏறினால் தானே மேலே மேலே ஏறிச் சீலைத் தேடிப் போகும், உரசி உரசிச் சூடேறினால் நைலோன் உருகும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பிளேட் அதை மறைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கீங் சத்தம் பெல்ட் அல்ல, காய்ந்த பெயாரிங்.

கிறீஸ்கை:
ஸ்பிண்டில் முழுசாக மாற்றத் தேவையில்லை, சாப்டில் பெயாரிங் உட்காருகிற இடம் கீறல் விழாமல் இருந்தால். நகத்தால் தடவிப் பாருங்கோ. நகம் தட்டினால் லேத்துக்குக் கொண்டு போக வேண்டும், தட்டாவிட்டால் இரண்டு பெயாரிங், ஒரு சீல், அவ்வளவுதான். பெயாரிங்கின் விளிம்பில் நம்பர் அடித்திருக்கும், வாசியுங்கோ.

கிரவுண்ட்காரன்:
சாப்ட் நல்லாக இருக்கிறது. நம்பர் பாதி அழிந்துவிட்டது, 62 தெரிகிறது, பிறகு ஒரு 5 ஆக இருக்கலாம்.

கிறீஸ்கை:
அளந்து பாருங்கோ. உள் விட்டம் 25 மில்லிமீற்றர், வெளி 52, தடிப்பு 15 என்றால் 6205. உள் 20, வெளி 47, தடிப்பு 14 என்றால் அது 6204. 30, 62, 16 என்றால் 6206. கடையில் கேட்கும்போது 2ஆர்.எஸ். என்று கேளுங்கோ, இரண்டு பக்கமும் றப்பர் மூடி போட்டது. இசட்.இசட். என்றால் தகர மூடி, தண்ணியும் தூசும் உள்ளே போகும், எங்கட செம்மண்ணுக்குச் சரிவராது. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் மோட்டார் சாமான் கடைகளில் 6205 கிடைக்காத கடை இருக்காது, மோட்டார் சைக்கிளிலிருந்து தண்ணி இறைக்கிற மிசின்வரை எல்லாத்துக்கும் போடுகிற அளவு. விலை நம்ப முடியாத மலிவாகச் சொன்னால் வாங்க வேண்டாம், பெட்டி மட்டும் நல்ல கம்பனியாக இருக்கும்.

போடும்போது கவனம். ஸ்பிண்டில் வீட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்ட வேண்டும், சாப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும். மாறித் தட்டினால் குண்டுகள் வளையத்தில் பள்ளம் போட்டுவிடும், புதுப் பெயாரிங் அன்றைக்கே பழசு. பெயாரிங்கை ஃபிறிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் ஒரு இரவு வைத்துவிட்டு, வீட்டைக் கொதிதண்ணியால் சூடாக்கினால் பாதி தானாக இறங்கும். பழைய வெளி வளையத்தைத் தூக்கி எறியாதீங்கோ, தட்டுவதற்கு அதுதான் நல்ல கருவி.

தெல்லிப்பழையான்:
இதை எல்லாம் வாசித்துவிட்டு ஒரு கேள்வி. ஏன் இந்த டெக்கைக் கட்டி அழுகிறீர்கள்? இது வெளிநாட்டு வீட்டு முற்றத்துக்குச் செய்த சாமான். எங்கள் பக்கம் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவித்த காணிகளில் புல்லும் பார்த்தீனியமும் ஆளுயரத்துக்கு நிற்கிறது, அதற்குள் முட்கம்பி, கூரைத் தகரம், இரும்புக் கேடர். இப்படி ஒரு டெக்கைக் கொண்டுவந்து முட்கம்பியில் ஏற்றினான் ஒருவன், ஸ்பிண்டில் வீடு வார்ப்பு அலுமினியம், வெடித்து இரண்டாகப் பிளந்தது. பின்னுக்குப் பூட்டுகிற சிலாஷர்தான் சரி. அதில் கத்தி நேரடியாக இறுக்காமல் ஒரு போல்ட்டில் தொங்கும், கல்லில் பட்டால் மடங்கிக் கொடுக்கும், பெல்ட்டும் இல்லை, ஐட்லரும் இல்லை.

கூட ஒன்று, விடுவித்த காணியில் வெட்டுகிறவர்கள் முதலில் நடந்து பாருங்கோ, தெரியாத இரும்பு கண்ணில் பட்டால் தொடவோ தட்டவோ வேண்டாம், வெடிபொருளாக இருக்கலாம், பொலிஸுக்கு 119க்கு அடியுங்கோ.

கனடாக்குளிர்:
சிலாஷர் காடு வெட்ட நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடுகிற தடத்தைச் சிலாஷரால் வெட்டினால் மொட்டை மொட்டையாக நுனி நிற்கும், குத்தும். முதல் வெட்டை உயரமாகச் சிலாஷரிலோ தோளில் போடுகிற மிசினிலோ வெட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் காய விட்டு, பிறகு டெக்கைப் போடுவதுதான் ஒழுங்கு. முழங்கால் புல்லை ஒரேயடியாகக் கீழே வெட்டினால் நூல் இல்லாவிட்டாலும் டெக் அடைக்கும். ஈரப்புல் என்றால் கேட்கவே வேண்டாம், டெக்குக்கு உள்ளே சாணம் மெழுகினதாக ஒட்டும்.

லான்ட்மாஸ்டர்_75:
நாலு மாட்டைக் கட்டிவிட்டிருந்தால் நூலும் இல்லை பெயாரிங்கும் இல்லை.

செம்மண்:
மாடு நைலோனைத் தின்றால் அதுக்கு 6205 எங்கே வாங்குவது?

கிரவுண்ட்காரன்:
சிரிக்கவும் நேரமில்லை. பெயாரிங் வாங்கினோம், 6205தான். வீடு கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துப் பிறஸ்ஸில் அமத்தி வாங்கினோம். கையில் வைத்துச் சுற்றும்போது பஞ்சாகச் சுற்றியது. டெக்கில் பூட்டி, புல்லியைப் போட்டு, மேல் நட்டை இறுக்கினதும் திரும்பவும் பிடிக்கிறது. நட்டைத் தளர்த்தினால் சுற்றுகிறது, இறுக்கினால் நிற்கிறது. பெயாரிங் கள்ளச் சாமானோ?

கிறீஸ்கை:
கள்ளச் சாமான் என்றால் தளர்த்தினாலும் சுற்றாது. இரண்டு பெயாரிங்குக்கும் நடுவில் சாப்டில் ஒரு குழாய் இருந்திருக்க வேண்டும், ஸ்பேசர். கழற்றும்போது கண்டீர்களா? அந்தக் குழாய்தான் இரண்டு உள் வளையங்களுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அது இல்லாமல் நட்டை இறுக்கினால் இரண்டு உள் வளையமும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும், வெளி வளையங்கள் வீட்டுக்குள் அசையாமல் நிற்கும், நடுவில் குண்டுகள் நசிபடும். தளர்த்தினால் விடுகிறதென்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பட்டறையில் போய்க் கேளுங்கோ, மேசையில் கிடக்கும்.

அப்படியே ஓட்டியிருந்தால் அரை மணித்தியாலத்தில் புதுப் பெயாரிங் நீலம் பாரித்திருக்கும், நல்ல வேளை கையால் சுற்றிப் பார்த்தீர்கள்.

கனடாக்குளிர்:
அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு. குழாய் கிடைத்தால் அதன் இரண்டு முனையும் சதுரமாக, பிசிறில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கோ. கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து எடுக்கலாம், ஆனால் நீளத்தை ஊகத்தில் வைக்கக் கூடாது, நல்லாக இருக்கிற வலது ஸ்பிண்டிலைக் கழற்றி அதன் குழாயை அளந்து அதே நீளத்துக்குக் கடைய வேண்டும்.

கிரவுண்ட்காரன்:
குழாய் கிடைத்தது. பட்டறையில் இரும்புத் தூளுக்குள் கிடந்தது, பழைய கழிவென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பெயாரிங்குகளைத் திரும்பக் கழற்றி, குழாயைப் போட்டு அமத்தினோம், இப்போது நட்டை முழுசாக இறுக்கினாலும் ஒரு விரலால் சுற்றுகிறது.

அடுத்தது பெல்ட். ஒரு இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கருகிக் கண்ணாடியாக மினுங்குகிறது, அந்த இடம் மெலிந்தும் இருக்கிறது. மில்லுக்குப் போடுகிற பெல்ட் ஒன்று அதே அகலத்தில் கிடைக்கிறது, போடலாமா?

கிறீஸ்கை:
மில் பெல்ட்டை எனக்கு நல்லாகத் தெரியும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அகலம் ஒன்றாக இருக்கும், பி அளவு என்றால் 17 மில்லிமீற்றர் அகலம், 11 உயரம், அதெல்லாம் பொருந்தும். மில்லில் பெல்ட் ஒரே பக்கம் மடங்கி இரண்டு புல்லிக்கு நடுவில் ஓடுகிறது, இங்கே ஐட்லர் முதுகுப் பக்கத்தால் அமத்துகிறது, பெல்ட் இரண்டு பக்கமும் மடங்க வேண்டும், வெட்டும்போது உதறலும் அதிகம். சாதாரணப் பெல்ட்டின் உள்நூல் அதைத் தாங்காது, இழுபட்டு நீளும், பிறகு வழுக்கும், பிறகு கருகும்.

கனடாக்குளிர்:
மோவர் பெல்ட் என்று கேட்டு, உள்நூல் கெவ்லார் மாதிரி அரமிட் நார் போட்டதாகப் பார்த்து வாங்குங்கோ. கெவ்லார் அவ்வளவாக நீளாது. அதனால் நீளம் சரியாக இருக்க வேண்டும், கொஞ்சம் குட்டையானதை இழுத்துப் போட்டுச் சமாளிக்க முடியாது. பழைய பெல்ட்டில் நம்பர் இருந்தால் அதையே சொல்லுங்கோ. இங்கே பஞ்சிகாவத்தை மோட்டார் சாமான் கடைகளில் பார்க்கச் சொல்லி யாரிடமாவது கேளுங்கோ, யாழ்ப்பாண பஸ்ஸில் பார்சலாக வந்துவிடும். "இங்கே" என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், கொழும்பு எனக்கு இப்போதும் இங்கேதான்.

தெல்லிப்பழையான்:
பெல்ட் வரும்வரை மில் பெல்ட்டைப் போட்டுத் தடத்தை மட்டும் வெட்டலாம்தானே? போட்டி நிற்குமா பெல்ட்டுக்காக?

கிறீஸ்கை:
சரி, அந்த அவசரத்துக்கு வெட்டலாம், நான் மறுக்கவில்லை. உயரமாக வைத்து, காய்ந்த புல்லில், மெதுவாக. ஐட்லரின் கை துருவேறி இறுகாமல் அசைகிறதா என்று பார்த்து அதன் மூட்டுக்கு ஒரு பொட்டுக் கிறீஸ். மணம் வந்தால் அந்த நிமிசமே நிறுத்த வேண்டும்.

கிரவுண்ட்காரன்:
மில் பெல்ட்டில் தடமும் நடுத் திடலும் வெட்டியாகிவிட்டது. முதலில் பெடியள் எல்லாரும் ஒரு வரிசையாக நின்று மைதானத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்து நூல் பொறுக்கினார்கள், ஒரு உரப்பை நிறைந்துவிட்டது, அதற்குள் பட்ட வாலும் ஒரு செருப்பும். பனைப் பக்கத்து மூலையைத் தோளில் போடுகிற மிசினால்தான் வெட்டுகிறோம், அங்கே டெக்கைக் கொண்டுபோவதில்லை என்று கழகத்தில் சொல்லியாகிவிட்டது. சுண்ணாம்பு நாளைக்குப் போடுகிறார்கள். கெவ்லார் பெல்ட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

கிறீஸ்கை:
சந்தோசம். முதல் ஒரு மணித்தியாலம் ஓடின பிறகு மூன்று பிளேட் நட்டையும் திரும்ப ஒரு முறை இறுக்கிப் பாருங்கோ. நடு ஸ்பிண்டிலில் கரகரப்பு என்று முதலே எழுதினீர்கள், அதைக் கழற்றிப் பார்த்தீர்களா?

கிரவுண்ட்காரன்:
பார்த்தோம் அண்ணை. பிளேட்டுக்கு மேலே கொஞ்சம் நூல் இருந்தது, சீலுக்குள் போகவில்லை, வெட்டி எடுத்துவிட்டோம். கரகரப்புக் குறைந்தது ஆனால் முழுசாகப் போகவில்லை, பெல்ட் வருகிற பார்சலோடு இரண்டு 6205ம் சேர்த்து எடுக்கிறோம். வலதில் ஒன்றுமில்லை.